நீந்தாத நாளைப் பற்றி

திருப்பாலைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை நீந்துவதற்கான பயிற்சி நன்றாகப் போவதாக எழுதியிருந்தாய். மனசு நிறைந்தது. ஆனால் தோள் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறாய் என்றும், சித்தி மகள் கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்த பிறகுதான் ஈரத்தலையோடு மண்டபத்துக்கு வந்தாய் என்றும் அம்மா சொன்னார்கள். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

உடற்பயிற்சி ஒருவரை அடிமையாக்கிவிட்டதா என்று பார்க்க, 2004-இல் டெரி, சபோ, கிரிஃபித்ஸ் என்ற மூவர் ஆறே கேள்விகளில் ஓர் அளவுகோல் தந்தார்கள். வாழ்க்கையில் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமா? இதனால் வீட்டில் சண்டை வருகிறதா? மனநிலையை மாற்றிக்கொள்ள இதைச் செய்கிறாயா? நேரம் கூடிக்கொண்டே போகிறதா? ஒருநாள் விட்டால் எரிச்சல் வருகிறதா? குறைத்துப் பார்த்தாலும் பழையபடி ஆகிவிடுகிறதா? ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண் வரை. மொத்தம் 30-க்கு 24 வந்தாலே கவனிக்க வேண்டும் என்பது கணக்கு.

உன்னைப் போன்றவர்களிடம் இந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. சுமார் 30 கிலோமீட்டர் கடலைக் கடக்கப் போகிறவன் நேரத்தைக் கூட்டத்தான் வேண்டும். 1966-இல் மிஹிர் சென்னும், 1994-இல் பன்னிரண்டு வயதில் குற்றாலீஸ்வரனும் அப்படி உழைக்காமல் இந்தக் கடலைக் கடந்திருக்க முடியாது. ஆகவே எத்தனை மணி நேரம் நீந்துகிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. நீந்த முடியாத நாளில் எப்படி இருக்கிறாய் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

1970-இல் பேக்லாண்ட் என்ற ஆய்வாளர், தினமும் உடற்பயிற்சி செய்கிறவர்கள் ஒரு மாதம் நிறுத்தினால் தூக்கம் என்னவாகிறது என்று பார்க்க நினைத்தார். பணம் தருகிறேன் என்று சொல்லியும் அவர்கள் சம்மதிக்கவில்லை. வாரத்தில் மூன்று நான்கு நாள் செய்கிறவர்களை வைத்துத்தான் ஆய்வை முடித்தார். நிறுத்தச் சொன்னபோது வந்த அந்த மறுப்பே பாதி பதில் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் பெரியப்பாவை நினைத்துப் பார். காற்று சரியில்லை என்றால் வள்ளம் கரையில்தான். அன்றைக்குத் திண்ணையில் வலையை விரித்து, கால் கட்டைவிரலில் ஒரு முனையை மாட்டிக்கொண்டு, கிழிசல் கிழிசலாகப் பார்த்துச் சரிசெய்வார். பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார். கடல்மேல் அவருக்கு இருந்த பிரியம் யாருக்கு இருந்தது? ஆனாலும் போகாத நாளில் அவர் முகம் வாடி நான் பார்த்ததில்லை.

வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் இந்தக் கடலை 51 மணி நேரத்தில் நீந்திக் கடந்து திரும்பியும் வந்தார். 1984-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் அவர் உயிர் போனது. அவர் மனசை எடைபோட எனக்குத் தகுதியில்லை. ஆனால் உன்னை நினைக்கும்போது அவர் நினைவும் வருகிறது; பெருமையும் பயமும் சேர்ந்தே வருகின்றன.

எனக்காக இதைச் செய். தோளை டாக்டரிடம் காட்டு. அவர் சொல்லும்வரை தண்ணீரில் இறங்காதே. இரவில் படுக்கும்முன், அன்று மனசு எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுதிவை. முதலில் எரிச்சல் வரும். சில நாளில் தணிந்துவிட்டால் கவலையில்லை. சாப்பாடும் தூக்கமும் கெட்டு, யாருக்கும் தெரியாமல் நீந்தப் போனாய் என்றால், மறைக்காமல் கோச்சிடம் சொல். மனநல டாக்டரைப் பார்க்க நானும் கூட வருகிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நீ தனுஷ்கோடியில் கரையேற வேண்டும் என்று உன்னைப் போலவே நானும் ஆசைப்படுகிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் அக்கா