தறிக்கு எத்தனை அடி?

பள்ளிக்கூட வாத்தியார் என்றால் கொத்தனார் கணக்கும் தெரியும் என்று தாமல் ஊரார் எப்படியோ நம்பிவிட்டார்கள்!

பட்டு நெசவு செய்யும் அன்பர் ஒருவர் மனைவியுடன் நம்மிடம் வந்தார். 2024-இல் தொடங்கிய ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் அவருக்கு வீடு கிடைத்திருந்தது. 360 சதுர அடி. அரசு தருவது 3,50,000 ரூபாய். கைச் சேமிப்பைக் கொண்டு திண்ணைக்குக் கிரானைட் பதிக்க உத்தேசமாம்.

“தறி எங்கே?” என்றோம்.

குழித்தறிக்காரர் காலை இறக்கி மிதிக்கும் குழியில், ஏரி நிரம்பும் ஐப்பசியில் நீர் கசியும். தறி நின்றால் கூலியும் நின்றது. ஆகவே கிரானைட்டை அடித்துவிட்டு, தரையை இரண்டடி உயர்த்தும் செலவை முதல் வரியில் எழுதினோம்.

அன்பர் முகம் வாடிவிட்டது. அவர் மனைவியோ, “மூன்றடி உயர்த்தினால் எவ்வளவு ஆகும், ஐயா?” என்று கேட்டார்.