தெளிவெல்லாம் தூய்மையன்று

ஒரே சொல் இரு நாடுகளில் இருவேறு பொருள் தருவது மொழியாசிரியனுக்குப் புதுமையன்று. எனினும் 'தோட்டம்' என்னும் எளிய சொல், தமிழைக் கடந்த ஒரு பாடத்தை எனக்குக் கற்பித்தது. ஜொகூரில் பிறந்து வளர்ந்த எனக்குத் தோட்டம் என்றால், ரப்பரும் செம்பனையும் அணிவகுத்து நிற்கும் பெருநிலம். யாழ்ப்பாணத்தாருக்கோ, ஒரு கிணற்றின் நீரை இறைத்து வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவிக்கும் சிறுநிலமே தோட்டம். நம் தோட்டம் வானத்தை நம்பி நிற்பது. அவர்கள் தோட்டம் கிணற்றை நம்பி நிற்பது. இவ்வேறுபாட்டை ஆராயப் புகுந்தபோதுதான், நிலத்துக்கு அடியில் உறங்கும் நீரின் தூய்மை எத்துணை எளிதில் கெடக் கூடியது என்பதை நான் உணர்ந்தேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு மாரிக் காலத்தில் மட்டுமே ஓடுவது. நிலத்தின் அடியில் பரந்து கிடப்பது சுண்ணாம்புக்கல். வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழை, செம்பாட்டு மண்ணின் வழியே இறங்கி, அக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது. மூன்று புறமும் கடல் சூழ்ந்த நிலமாதலின், கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீர் கீழே நிற்க, எடை குறைந்த நன்னீர் அதன் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. மேலே 1 அடி குறைந்தாலோ, கீழே 40 அடி கரையும். புத்தூரில் உள்ள நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கூடான சான்று. மேற்புறத்தில் நன்னீர், ஆழத்தில் உவர்நீர்.

கல்விக்கு மணற்கேணியை உவமையாக்கினார் வள்ளுவர். ஆழமாகத் தோண்டும் அளவுக்கு நீர் சுரக்கும் என்பது அவ்வுவமையின் உயிர். யாழ்ப்பாணத்துக் கிணறோ வேறோர் அறத்தைக் கற்பிக்கின்றது. அங்கே அளவு மீறித் தோண்டினால் உவர் எழும். கற்பதற்கு எல்லை இல்லை; எடுப்பதற்கு எல்லை உண்டு.

துலா மிதித்து, பட்டையால் நீர் மொண்டு இறைத்த நாளில், மனித உடலின் களைப்பே அந்த எல்லையாக நின்றது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது, எல்லை அகன்றது. இரசாயன உரமும் உடன் வந்தது. பனையோலையையும் குழையையும் மண்ணில் தாழ்த்திப் பயிர் செய்தவர்கள், மூட்டை மூட்டையாக யூரியாவை இடத் தொடங்கினர். விளைச்சல் பெருகியது, பிள்ளைகள் படித்தனர், வீடுகள் எழுந்தன. இந்நன்மைகளை மறந்து உரத்தைப் பழிப்பது நன்றியன்று.

ஆயினும் 100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைட்ரஜன் உண்டு. அதில் ஒரு பகுதியையே பயிர் உண்கின்றது. எஞ்சியதில் பெரும்பங்கு மண்ணில் நைட்ரேட்டாக மாறுகின்றது. மண் துகளைப் போலவே நைட்ரேட்டும் எதிர்மின்னூட்டம் உடையது. ஆகவே மண் அதனைப் பற்றி நிறுத்துவதில்லை. பாத்தி நிறையப் பாயும் நீர் வேருக்குக் கீழே இறங்கும்போது, நைட்ரேட்டும் கரைந்து உடன் இறங்குகிறது. அடியில் இருப்பதோ வெடிப்புகள் மலிந்த சுண்ணாம்புக்கல். வடிகட்டும் பொறுமை அதற்கு இல்லை. இவ்வாறு, தோட்டத்துக்கு இட்ட உரம் கிணற்றுக்கு வந்து சேர்கின்றது. கிணற்றருகே குவித்த மாட்டெருவும், நெருக்கமாக அமைந்த கழிப்பறைக் குழிகளும் இதே நைட்ரேட்டைத் தருகின்றன. இயற்கை எரு என்பதால் அது தீங்கற்றது என எண்ணுவது பேதைமை.

குடிநீரில் நைட்ரேட்டு 1 லிட்டருக்கு 50 மில்லிகிராமை மீறலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 50 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இவ்வரம்பு மீறப்பட்டிருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, நாவால் அதனை அறிய இயலாது. கொதிக்க வைத்தால் நோய்க்கிருமி சாகும், நைட்ரேட்டோ போகாது. நீர் ஆவியாகக் குறைவதால், எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். அத்தகைய நீரில் புட்டிப்பால் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும்; உடல் நீலம் பாரிக்கும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிணற்று நீருக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவர் ஹன்டர் காம்லி 1945ஆம் ஆண்டு எழுதி வெளியிட்டார். தாய் நீரைக் காய்ச்சிக் கொடுக்கிறாள். தன் கடமையைச் செய்துவிட்டதாக நம்புகிறாள். அன்பு இருந்தும் அறிவு எட்டாத இடத்தில் தீங்கு நுழைகின்றது.

போர் ஓய்ந்து சில ஆண்டுகள் கழித்து, பள்ளி விடுமுறையில் யாழ்ப்பாணம் சென்றிருந்தேன். ஒரு தோட்டக்காரரின் வரம்பில் நின்று இவற்றைப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "நான் உரத்தைக் குறைச்சால் என்ர விளைச்சல் குறையும், வாத்தியார். கடன் குறையுமோ? பக்கத்துத் தோட்டக்காரன் குறைக்காவிட்டால் என்ர கிணத்துத் தண்ணி திருந்துமோ?"

முப்பது ஆண்டுக்கு அண்மையாக வகுப்பறையில் நின்றவன் நான். ஆயினும் அக்கேள்விக்கு அப்போது என்னிடம் விடை இல்லை. வேலிகள் மேலேதான் உண்டு. நீருக்கு வேலி இல்லை. ஒருவர் செய்யும் நன்மை பிறர் கிணற்றுக்குச் செல்லும். பிறர் செய்யும் தவறு இவர் கிணற்றுக்கு வரும். அவ்வாறிருக்க, முதலில் குறைப்பவர் யார்?

பின்னர் ஒரு சிறு கணக்கு எனக்கு வழிகாட்டியது. 1 லிட்டரில் 50 மில்லிகிராம் நைட்ரேட்டு உள்ள கிணற்று நீரைப் பயிர்க்காலம் முழுவதிலும் 10 இலட்சம் லிட்டர் பாய்ச்சினால், அந்நீருடன் ஏறத்தாழ 11 கிலோ நைட்ரஜனும் விலையின்றிப் பாய்கின்றது. குடிப்பவருக்குத் தீங்காவது, பயிருக்கு உணவாகின்றது. கிணற்று நீரையும் மண்ணையும் சோதித்து அறிந்து, அவற்றில் ஏற்கெனவே உள்ளதைக் கழித்து, எஞ்சியதை மட்டும் இட்டால் விளைச்சல் குறைய வேண்டியதில்லை, செலவோ குறையும். அதனையும் ஒரே முறையில் கொட்டாமல், பயிர் கேட்கும் பருவந்தோறும் பகுத்து இடலாம். வேர் நனையும் அளவுக்கு மட்டும் நீர் பாய்ச்சலாம். சொட்டு நீர்ப் பாசனம் அதற்குத் துணை. அயலார் திருந்தும்வரை காத்திராமல், தம் நலம் கருதியே ஒருவர் தொடங்கத்தக்க வழி இது. முழு விடை இதுவன்று. கழிப்பறைக் குழியின் தொலைவையும் குடிநீர்ச் சோதனையையும் ஊரும் அரசும் கூடியே காக்க வேண்டும். ஆயினும் முதல் அடி எடுத்து வைக்க இது போதும்.

ஒரேயடியாக உரத்தைத் தடுத்துவிட்டால் என்ன என்று கேட்போரும் உளர். 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. விளைச்சல் சரிந்தது, உழவர் வீதிக்கு வந்தனர், அதே ஆண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. மிகையும் குறையும் இரண்டும் நோயே என்பதற்கு இது நம் காலத்துச் சான்று.

"இது கடலுக்கு அப்பாலுள்ள கதை, குழாயைத் திறந்தால் நீர் வரும் நமக்கு இதனால் ஆவதென்ன?" என்று ஜொகூர் மாணவன் கேட்கலாம். மழையற்ற நாளிலும் ஆறு ஓடுகின்றதே, அந்நீர் எங்கிருந்து வருகிறது? கரையின் அடியில் தங்கிய நிலத்தடி நீரே கசிந்து, ஆற்றை வற்றாமல் காக்கின்றது. 1962ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். நம் மாநிலமும் அவ்வாற்றையே பெரிதும் நம்பியிருக்கிறது. ஆற்றின் இருமருங்கிலும் உள்ள நிலங்களில் இடப்படும் உரம், மண்ணுக்குள் இறங்கினால் மறைந்துபோவதில்லை. வேறொரு நாளில், வேறொருவர் குவளைக்கு அருகே வருகின்றது. கிளந்தான் மாநிலத்திலோ, குழாயில் வரும் நீரிலேயே குறிப்பிடத்தக்க பங்கு நிலத்தடியிலிருந்து எடுக்கப்படுகின்றது. ஆகவே இது பிறர் கதையன்று.

ஆசிரியப் பெருமக்களே, நீரின் சுழற்சியைக் கரும்பலகையில் வரைகின்றோம். கடலிலிருந்து மேலெழும் அம்புக்குறி, முகிலிலிருந்து இறங்கும் அம்புக்குறி, ஆறாக ஓடும் அம்புக்குறி ஆகிய மூன்றையும் மாணவர் மறவாமல் வரைவர். மண்ணுக்குள் இறங்கும் நான்காம் அம்புக்குறியைப் பலரும் விட்டுவிடுவர். காணாததை வரைவது கடினம். அந்த ஓர் அம்புக்குறியைத் தவறாமல் கற்பிப்போம். அதனருகே, 'இந்நீர் எவற்றைச் சுமந்து இறங்குகிறது?' என்னும் வினாவையும் எழுதுவோம். பள்ளித் தோட்டத்தில் உரமிடும் மாணவன் கையில் ஓர் அளவுக் கிண்ணம் இருக்கட்டும். கைப்பிடிக் கணக்கு வேண்டா.

தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று. ஐயம் எழுந்த இடத்தில் சோதித்து அறிவதே முறை. நிலத்தடி நீரில் கலந்த மாசினை மீட்பது அரிது. கலவாமல் காப்பது எளிது. அக்காவல் நிலத்தின் மேல் நிற்கும் மனிதனின் கையில், அவன் அளந்து இடும் அந்த அளவில் இருக்கின்றது.