பம்பலப்பிட்டிக் கணினிக் கடைகளிலே

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. அளந்து செலவிடும் அக்கலை நெல்லும் புடைவையும் வாங்குவோர்க்கே உரியதென்று எண்ணியிருப்போர், ஒருமுறை பம்பலப்பிட்டிக்குச் சென்று, விளையாட்டுக் கணினி ஒன்றுக்கு வேண்டிய உறுப்புகளைத் தனித்தனியே தெரிவு செய்து பார்க்க வேண்டும். எட்டுப் பொருள்களை வாங்குவதற்கிடையில் எண்பது ஆசைகள் குறுக்கே வந்து நிற்பதை அங்கே காண்பார்கள்.

கொழும்பு மாநகரிலே, காலி வீதி கடற்கரையைத் தொடர்ந்து தெற்கு நோக்கிச் செல்லும் வழியில், வெள்ளவத்தைக்கு முன்பாக அமைந்துள்ளது பம்பலப்பிட்டி. தமிழ் மக்களுக்கு இவ்வூர் புதியதன்று. ஆடிவேல் விழாவிலே செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் தேர் வந்தடையும் கதிரேசன் கோயில்கள் இங்கேதான் உள்ளன. இந்துக் கல்லூரியும் இராமநாதன் இந்து மகளிர் கல்லூரியும் இங்கேதான் உள்ளன. இத்தகைய ஊரிலே, மெஜெஸ்ரிக் சிற்றிக்கு அயலில் நிமிர்ந்து நிற்கின்றது யூனிற்றி பிளாசா என்னும் மாடிக் கட்டடம். மாடிக்கு மாடி கணினிக் கடைகள். கண்ணாடிப் பேழைகளுக்குள்ளே பச்சையும் நீலமும் சிவப்புமாய் ஒளி மாறிச் சுழலும் விசிறிகளைக் கண்டால், கோயில் திருவிழாவிலே மின்விளக்கு அலங்காரத்தைக் கண்ட சிறுவரைப்போல யாரும் ஒரு கணம் நின்றுவிடுவர்.

2024 ஆம் ஆண்டிலே, விடுமுறையொன்றின்போது, உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த எமது மாணாக்கர் மூவருடன் யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸிலே புறப்பட்டு, விடியற்காலையில் வெள்ளவத்தையில் இறங்கினோம். சைவ உணவுச்சாலை ஒன்றிலே இடியப்பமும் சொதியும் உண்டு, கடைகள் திறக்கும் வேளைக்குப் பம்பலப்பிட்டியை அடைந்தோம். மூவரும் கொணர்ந்த பணம் ஒரே அளவினதன்று. ஒருவனிடம் ஒன்றரை இலட்சம் ரூபா. அவனுடைய தாயார் பிடித்த சீட்டுப் பணம் அது. மாணவி ஒருத்தியிடம் மூன்று இலட்சம். தந்தையார் தபாற்கந்தோரிலே சேவை செய்து சேமித்தது. மூன்றாமவனிடம் ஆறு இலட்சம். கனடாவிலுள்ள சிறிய தந்தையார் அனுப்பியது. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே இருநூறு ரூபா அளவில் இருந்த டொலரின் விலை, சில மாதங்களுள் முந்நூற்றறுபதை எட்டிய காலத்தை எவரும் மறந்திலர். 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரியும் 18 சதவீதமாயிற்று. ஆகவே அம்மூன்று தொகையிலும் வீணாக்கத்தக்க ரூபா ஒன்றேனும் இல்லை.

கடைக்குட் செல்லுமுன் மூவருக்கும் ஒன்றை விளக்கினோம். கணினி ஒரு மாட்டு வண்டி போன்றது. இரு மாடுகளும் ஒத்த வலிமையுடையன அல்லவெனில் வண்டி நேரே போகாது. கணக்கிடும் மூளையாகிய புறொசசர், காட்சிகளை வரையும் கிராபிக்ஸ் கார்ட், நினைவகமாகிய றாம், இவற்றைத் தாங்கும் மதர்போட், தரவுகளைக் காக்கும் எஸ்.எஸ்.டி., மின்னூட்டும் பவர் சப்ளை, யாவற்றையும் அடக்கும் கேசிங், கண்முன் நிற்கும் மொனிற்றர் என்னும் இவ்வெட்டும் ஒன்றுக்கொன்று இசைய வேண்டும். இசைவு என்பது விலையில் மட்டுமன்று. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 மதர்போட்டில் டி.டி.ஆர்.4 நினைவகமே பொருந்தும். 2022 இல் வந்த ஏ.எம்.5 மதர்போட்டில் டி.டி.ஆர்.5 மட்டுமே பொருந்தும். மாறி வாங்கினால் இரண்டும் பயனற்றுக் கிடக்கும்.

ஆறு இலட்சத்துக்கு உரியவனிடமிருந்து தொடங்கினோம். கடையிலே மிக உயர்ந்த புறொசசரையும் அதற்கேற்ற கார்ட்டையும் வாங்கிவிட்டு, வீட்டிலுள்ள பழைய மொனிற்றரையே பயன்படுத்த எண்ணியிருந்தான். அம்மொனிற்றர் நொடிக்கு 60 படங்களையே காட்ட வல்லது. கார்ட் இருநூறு படங்களை வரைந்து கொடுத்தாலும் எஞ்சியவை கண்ணுக்கு எட்டமாட்டா. கடையின் ஊழியரும் தாளை எடுத்துக் கணக்கிட்டுக் காட்டினார்: 1920க்கு 1080 என்னும் திரையிலே ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள், 2560க்கு 1440 என்னும் திரையிலே ஏறத்தாழ 37 இலட்சம் புள்ளிகள். பெரிய கார்ட்டுக்கு வேலை கொடுப்பது பெரிய திரையே. ஆகவே புறொசசரைச் சற்று இறக்கி, ஆறு கருக்களுடைய றைசன் 5 7600 போதுமென்று தீர்மானித்து, 12 ஜி.பி. நினைவகமுள்ள ஆர்.ரி.எக்ஸ். 4070 சுப்பர் கார்ட்டையும், நொடிக்கு 144 படங்கள் காட்டும் 1440 திரையொன்றையும் தெரிவு செய்தான்.

மூன்று இலட்சத்துக்கு உரியவள் தெளிவோடு வந்திருந்தாள். விளையாட்டில் விருப்பமுண்டு, ஆயினும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே கட்டடக்கலை பயில்வதே அவள் நோக்கம். ஏ.எம்.4 வரிசையிலே றைசன் 5 5600 புறொசசரும் 16 ஜி.பி. நினைவகமும் எடுத்தபின், கார்ட்டைப் பற்றியே யோசனை எழுந்தது. றேடியோன் ஆர்.எக்ஸ். 6600 விலை குறைந்தது, என்விடியாவின் ஆர்.ரி.எக்ஸ். 4060 அதனினும் விலை கூடியது. இரண்டிலும் 8 ஜி.பி. நினைவகமே. விளையாட்டு ஒன்றே நோக்கமாயின் முன்னையதை எடுத்து, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு போயிருக்கலாம். ஆனால் முப்பரிமாண வரைபடங்களுக்கு உருக்கொடுக்கும் மென்பொருள்கள் பல, என்விடியா கார்ட்டிலே விரைந்து இயங்குகின்றன. கேசிங்கின் வண்ண விளக்குகளைத் துறந்து, அப்பணத்தைக் கார்ட்டில் சேர்த்தாள்.

ஒன்றரை இலட்சத்துக்கு உரியவனிடத்திலேதான் எமது மனம் அதிகம் நின்றது. தோழர் இருவரும் கார்ட் வாங்கியதைக் கண்டபின் அவன் முகம் வாடிற்று. அவ்வேளையில், பாவித்த பொருள் விற்போர் ஒருவரிடம் பழைய கார்ட் ஒன்று மலிவாகக் கிடைப்பதாக அறிந்து வந்தான். 2022 செப்டெம்பரிலே ஈதரியம் என்னும் எண்ணிமப் பணத்தைக் கார்ட்டுகளால் அகழும் முறை ஒழிந்தபின், அவ்வேலையிலே இரவு பகலாய் உழைத்த கார்ட்டுகள் பல சந்தைக்கு வந்தன. அவற்றுள் நல்லனவும் உண்டு. எது நல்லதென்பதைப் புறத்தோற்றத்தால் அறிதல் அரிது.

"சேர், இதைப் போட்டால் எல்லா விளையாட்டும் ஓடும். பவர் சப்ளையை மட்டும் மலிவாய் எடுத்தால் காசு கட்டும்," என்றான்.

நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. "தம்பி, உங்கள் ஊரிலே மின்சாரம் எப்படி?" என்று மட்டும் கேட்டோம். மழைக்காலத்திலே மின் அழுத்தம் ஏறி இறங்குவதும், இடி விழுந்து அயல்வீட்டுத் தொலைக்காட்சி எரிந்ததும் அவனுக்கு நினைவுண்டு. 2022 மார்ச் இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதையும் அவன் அனுபவித்தவன். மலிவான பவர் சப்ளை பழுதுபட்டால் தான் மட்டும் போவதில்லை. சில வேளை தன்னோடு இணைந்த யாவற்றையும் கொண்டு போகும். உத்தரவாதமில்லாத கார்ட் எரிந்தால் தாயாரின் அடுத்த சீட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

படிக்கட்டிலே அமர்ந்து, கொப்பியின் பின் தாளிலே தானே கணக்கிட்டான். நெடுநேரம் நாம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் எழுந்து வந்து, "கார்ட் பிறகு பார்ப்பம், சேர்," என்றான்.

அவன் வாங்கியவை இவை: காட்சி வரையும் ஆற்றலைத் தன்னுள்ளேயே உடைய றைசன் 5 5600ஜி, ஏ.எம்.4 மதர்போட், 8 ஜி.பி. வீதம் இரண்டு றாம், 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி.; எளிய கேசிங்; தரச்சான்று பெற்ற 550 வாற் பவர் சப்ளை. மொனிற்றர் தமையனுடைய பழையது. றாமை இரண்டாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. உள்ளமைந்த கிராபிக்ஸ் தனக்கென நினைவகம் இல்லாமையால் றாமையே கடன் வாங்குகின்றது. இரு வழியாக அது கிடைத்தால் காட்சி தெளிவாய் விரைந்து ஓடும். பெயரிலே "எஃப்" என முடியும் இன்ரெல் புறொசசர்கள் சில விலை குறைந்தன. அவற்றில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. கார்ட் இல்லாதவன் அதை வாங்கினால் இருண்ட திரையையே பார்த்திருப்பான். எஞ்சிய பணத்திலே ஒரு சிறு யு.பி.எஸ். வாங்கினான்.

அக்கணினியிலே புதிய பெரும் விளையாட்டுகளை அவன் முழு அழகோடு காண முடியவில்லை. காட்சித்தரத்தைக் குறைத்தே விளையாடினான். அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அதே கணினியிலே நிரல் எழுதப் பழகினான். அயலிலுள்ள பிள்ளைகளின் கணினிகளைத் திருத்திச் சிறு தொகை சேர்த்தான். 2025 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே, தன் உழைப்பால் ஆர்.எக்ஸ். 6600 கார்ட் ஒன்றை உத்தரவாதத்துடன் வாங்கினான். அக்கார்ட் வேண்டுவது 132 வாற். அன்று படிக்கட்டிலே கணக்கிட்டு வாங்கிய பவர் சப்ளை அதைத் தாங்கிற்று. வேறொன்றும் மாற்ற நேரவில்லை. அவ்வாண்டின் இறுதி மாதங்களிலே, செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் றாமின் விலை உலகெங்கும் பன்மடங்கு ஏறியபோது, அவனிடம் வேண்டிய றாம் முன்னரே இருந்தது.

பிள்ளைகளுக்குக் கணினி வாங்க எண்ணும் பெற்றோர்க்குச் சில வார்த்தை. எவ்வளவு பணமாயினும் முதலில் திரையையும் தேவையையும் தீர்மானியுங்கள். பின்னர் அவற்றுக்கேற்ற கார்ட்டையும் புறொசசரையும் தேடுங்கள். பவர் சப்ளையிலே மிச்சம் பிடிக்காதீர்கள். ஒளிரும் விசிறிகளைக் கடைசியாகப் பாருங்கள். மூன்று கடைகளில் விலைச்சிட்டை வாங்கி, அதைப் பிள்ளையின் கையிலே கொடுத்துக் கூட்டிக் கழிக்கச் சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பியதும் உத்தரவாதப் பற்றுச்சீட்டுகளைப் பிரதி எடுத்து, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் பெட்டியிலேயே வையுங்கள். அவற்றின் மை விரைவிலே மங்கிவிடும்.