கேதார்நாத் ஹெலிகாப்டர் பயணம்... அந்தக் கடைசி ஒரு நிமிடம்!

உத்தரகாண்டின் பாட்டா கிராமம். ஹெலிபேடில் பக்தர்கள் வரிசையாக நிற்கிறார்கள். முதலில் எடை மெஷின். ஆளுக்கும் பைக்கும் எடை பார்த்த பிறகுதான் யாருக்கு எந்த இருக்கை என்பது முடிவாகிறது. கௌரிகுண்டிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் மலையேறிச் சேர வேண்டிய கேதார்நாத்துக்கு, இங்கிருந்து பத்து நிமிடப் பறத்தல்தான்.

கீழே மந்தாகினி ஆறு, இரண்டு பக்கமும் மலைச்சுவர். தூரத்தில் கோயில் தெரிந்ததும் எல்லோருடைய கையிலும் செல்போன் எழுகிறது. பைலட்டின் கவனமெல்லாம் இறங்குவதில் இருக்கிறது.

காரணம், உயரம். 3,583 மீட்டரில் இருக்கும் கேதார்நாத்தில், காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 30 சதவிகிதம் குறைவு. ஹெலிகாப்டரைத் தாங்கிப்பிடிக்கும் காற்றே அங்கு கம்மி!

அவசரப்பட்டு செங்குத்தாக, வேகமாக இறங்கினால் ஆபத்து. விசிறி கீழே தள்ளிய காற்றே சுழன்று மேலே வந்து சூழ்ந்துகொள்ளும். இன்ஜின் ஓடினாலும் ஹெலிகாப்டர் சரியும். அதனால், எதிர்க்காற்றைப் பார்த்தபடி, முன்னோக்கிய வேகத்தைச் சட்டென்று விட்டுவிடாமல், சாய்வாக இறங்குகிறார் பைலட். இடது கை லீவர், இறங்கும் வேகத்தை அளக்கிறது. வலது கை திசையைப் பார்த்துக்கொள்கிறது. கால்கள் வால்பகுதி திரும்பாமல் பிடித்து வைக்கின்றன.

இன்ஜினே நின்றுவிட்டால்? பனையோலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் தானாகச் சுற்றுமே, அதே கதைதான். பைலட் லீவரை உடனே இறக்குவார். கீழிருந்து வரும் காற்று விசிறியைச் சுற்ற வைக்கும். தரைக்கு அருகில், அந்தச் சுழற்சியைச் செலவழித்து வேகத்தைக் குறைத்து இறக்க வேண்டும். வாய்ப்பு ஒருமுறைதான்.

2024 மே 24-ல் ஒரு ஹெலிகாப்டர் தரையிறங்கும் நேரத்தில் கட்டுப்பாடு இழந்து சுழன்றது. ஹெலிபேடுக்குச் சற்றுத் தள்ளி, சரிவில் இறங்கியது. உள்ளே இருந்த 7 பேரும் உயிர் தப்பினார்கள். 2022 அக்டோபர் 18-ல் அந்த அதிர்ஷ்டம் இல்லை. கேதார்நாத்திலிருந்து திரும்பிய ஹெலிகாப்டர் விழுந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 3 பேர் சென்னையைச் சேர்ந்தவர்கள்.

மேகம் இறங்கினால் சேவையை நிறுத்திவிடுவார்கள். அன்று பைலட்டிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். கையில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள். கேதாரநாதர் காத்திருப்பார்!