நிலக்கரிக்கு அடியில் இருந்த கூட்டணி

ஜூலை மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, இங்கிலாந்தின் டர்ஹம் நகரத் தெருக்களில் பேண்டு வாத்தியமும் பெரிய கொடிகளுமாகச் சுரங்கத் தொழிலாளர் ஊர்வலம் இன்றும் போகிறது. ஈசிங்டன் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. இந்த வட்டாரத்தில் இப்போது ஆழ்சுரங்கம் ஒன்றுகூட இல்லை. அந்த மனிதர்களுக்கு ஒற்றுமை ரத்தத்திலேயே ஊறியது என்று ஊர்வலத்தைப் பார்ப்பவர்கள் நெகிழ்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலையையும் கூலியையும் பங்கிட்ட விதம்தான் அவர்களைச் சேர்த்துவைத்தது. அந்தப் பங்கீடு மாறியதும் அதே மனிதர்கள் ஒருவர்மீது ஒருவர் பழிபோட்டார்கள்.

பழைய முறையில், தாங்களே தேர்ந்துகொண்ட இரண்டு மூன்று கூட்டாளிகள் கரியை வெட்டி, அள்ளி, கூரைக்கு முட்டும் கொடுத்தார்கள், கூலியைப் பகிர்ந்துகொண்டார்கள். சுரங்கத்தில் எளிதாகக் கரி கிடைக்கும் இடமும் உண்டு, உயிரை வாங்கும் இடமும் உண்டு. யாருக்கு எது என்பதை மூன்று மாதத்துக்கொரு முறை சீட்டுக் குலுக்கித் தீர்த்தார்கள். மேலாளருக்கு வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேச்சுக்கு அங்கே அதிகம் இடமில்லை. பிறகு இயந்திரங்களோடு ‘நீள்சுவர்’ முறை வந்தது: ஒரு ஷிஃப்ட் வெட்டும், ஒன்று கன்வேயரை நகர்த்தும், இன்னொன்று அள்ளும். ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கூலி. முன்னவர் அரைகுறையாக விட்டதைப் பின்னவர் சுமந்தார். லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் எரிக் டிரிஸ்டும், முன்னாள் சுரங்கத் தொழிலாளியான கென் பாம்ஃபோர்த்தும் 1951இல் இந்தச் சிதைவை விவரித்தார்கள். ஆனால் எல்லா இடத்திலும் அப்படி ஆகவில்லை. டர்ஹத்தின் ஒரு நீள்சுவரில் 41 பேர் தாங்களே குழு சேர்ந்து, வேலைகளை மாற்றி மாற்றிச் செய்து, ஒரே சம்பளச் சீட்டைச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள்; முன் ஷிஃப்ட் விட்ட இடத்திலிருந்து அடுத்த ஷிஃப்ட் தொடர்ந்தது. வழக்கமான முறையில் நடந்த இன்னொரு நீள்சுவரிலும் அதே வகை இயந்திரம், அதே கரிப்படுகை. 1963இல் டிரிஸ்டும் சகாக்களும் வெளியிட்ட கணக்கின்படி, வழக்கமான முறை எட்டக்கூடிய உற்பத்தியில் 78 சதவீதத்தை எட்டியது, இவர்கள் 95. வேலைக்கு வராமை அங்கே 20 சதவீதம், இங்கே 8.2. காரணமே சொல்லாமல் மட்டம் போடுவது அங்கே 4.3 சதவீதமாகவும் இங்கே 0.4 ஆகவும் இருந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். உற்பத்திக் கணக்குக்குப் பல காரணம் சொல்லலாம், இதற்குச் சொல்வது கடினம்.

ஒரே ஒரு ஜோடி ஒப்பீடு போதுமா என்று கேட்பது நியாயம். அதைவிடக் கனமான ஆட்சேபம், ஒட்டிய குழு சோம்பலிலும் ஒட்டும் என்பது. சிகாகோ அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில் 1931–32இல் கவனிக்கப்பட்ட 14 பேர், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தங்களுக்குள் வரம்பு வைத்திருந்தார்கள். மீறியவனுக்குத் தோளில் குத்து விழும். ஸ்டான்லி சீஷோர் 1954இல் 228 குழுக்களை ஆராய்ந்து இதற்கு விடை தந்தார். கட்டுக்கோப்பான குழுவில் எல்லாருடைய உற்பத்தியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அது மேலா கீழா என்பது நிறுவனம் தங்களுக்கு ஆதரவாக இருப்பதாக அவர்கள் நம்புகிறார்களா என்பதைப் பொறுத்தது. ஆக, ஹாதார்ன் ஆட்களும் ஒற்றுமையாகவே இருந்தார்கள், நிறுவனத்துக்கு எதிராக. வெற்றிதான் ஒற்றுமையைத் தருகிறது, மறுதிசையில் அல்ல என்போரும் உண்டு. முல்லன், காப்பர் இருவரும் 1994இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, செயல்திறனிலிருந்து ஒற்றுமைக்குப் போகும் விசையே வலுவாகத் தெரிந்தது. அதே தொகுப்பில், ஒருவரையொருவர் பிடிப்பதைவிட வேலையில் உள்ள பற்றே செயல்திறனோடு கூடுதலாக ஒட்டியிருந்தது. நட்பு வளர்க்க அலுவலகங்கள் நடத்தும் உல்லாசப் பயணங்களில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு அது போதுமான காரணம்.

இருந்தும் டர்ஹத்துக் கூட்டு முறை பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியச் சுரங்கங்கள் முழுக்கப் பரவவில்லை. ஷிஃப்ட்டுகளுக்கு நடுவே நின்று ஆணையிடும் மேற்பார்வையாளருக்கு அதில் வேலை குறைவு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். இன்றைய அலுவலகங்களில் ‘பெல் கர்வ்’ வைத்துப் பத்துப் பேரில் ஒருவரைக் கட்டாயமாகக் கடைசியில் நிறுத்தும் மேலாளரிடம், ஒரே சம்பளச் சீட்டு என்று பேச்செடுத்தால் என்ன பதில் வரும் என்பது உங்களுக்கே தெரியும்.