பச்சை வானமும் காசிமேட்டு ஆயாவும்

வாரத்துல அஞ்சு நாள் பொட்டி தட்டுறவனுக்கு ஞாயித்துக்கிழமை ஒரு கிறுக்கு வேணுமில்லையா? எனக்கு ஃபிலிம் கேமரா. இப்போ அதுலயும் கிராஸ் பிராசஸிங்.

விஷயம் சிம்பிள் மக்களே. ஸ்லைடு ஃபிலிமைக் கழுவுற முறை ஈ-6. சாதாரண கலர் நெகட்டிவுக்கு சி-41. ஸ்லைடை வேணும்னே சி-41ல (37.8 டிகிரி, டெவலப்பர்ல 3 நிமிஷம் 15 செகண்ட்) முக்கினா, பாசிட்டிவுக்குப் பதிலா நெகட்டிவா வரும். கான்ட்ராஸ்ட் எகிறும், கலர் தடம் மாறும். எந்தப் பக்கம் மாறும்ங்கறது ஃபிலிமைப் பொறுத்தது. இன்ஸ்டாகிராம்ல எக்ஸ்-ப்ரோ ஃபில்டர்னு ஒண்ணு வந்துச்சே, அது இதோட நகல்தான்.

வெளிச்சக் கணக்கும் உல்டா. ஸ்லைடை ஸ்லைடாவே கழுவினா, ஹைலைட் வெளுத்துடக் கூடாதுன்னு கொஞ்சம் கம்மியா வெளிச்சம் கொடுப்பாங்க. இங்கே முதல்ல சாகுறது நிழல். அதனால 100 ஐஎஸ்ஓ ஃபிலிமை மீட்டர்ல 50ன்னு வெச்சேன், ஒரு ஸ்டாப் கூடுதல். கோடாக் 2012ல நிறுத்தி 2018ல திரும்பக் கொண்டுவந்த எக்டாக்ரோம் அது. விலைக்கு 36 ஷாட்டையும் எண்ணி எண்ணித்தான் அடிக்கணும்.

எடுத்தது காசிமேட்டுல. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் வரிசையா நிக்கும், பெயிண்ட் அடிச்சுட்டு இருப்பாங்க. கலருக்குக் கேக்கணுமா?

படகு, கயிறு, வலைன்னு சுட்டுட்டு இருக்கும்போது கூடையோட உக்காந்திருந்த ஒரு ஆயா கூப்பிட்டாங்க. "இன்னா தம்பி, படகத்தான் எடுப்பியா? என்னையும் ஒண்ணு எடு. ஊட்டு செவுத்துல மாட்டணும், நல்ல கலரா வரணும்."

அங்கதான் கை நின்னுச்சு. வானம் பச்சையாகலாம், படகு ஊதாவாகலாம், ஒண்ணும் குடி முழுகாது. ஆயா மூஞ்சி? ஏற்கெனவே சினிமாவுல வடசென்னைன்னாலே இருட்டும் அழுக்கு மஞ்சளும்தான். அந்த ஊரு மனுஷங்க நிறத்தை நானும் என் பங்குக்கு மாத்தணுமா? அவங்க கேட்டது கலை இல்லைங்க, அவங்க முகம்.

பையில இருந்த இன்னொரு கேமராவுல சாதாரண நெகட்டிவ். அதுல எடுத்தேன், பிரிண்ட் போட்டுக் கொடுத்தாச்சு. "மூக்குத்தி தெரியுது பாரு"ன்னு பக்கத்துக் கடைக்கெல்லாம் காட்டினாங்க.

கிராஸ் பிராசஸிங்கை நான் விடப்போறதில்லை. ஆனா இனிமே அந்த ரோல் படகுக்கு மட்டும்தான்.

டிஸ்கி: லேப்ல கொடுக்கும்போது ஃபிலிம் டப்பா மேலயே 'சி-41'ன்னு பெருசா எழுதிடுங்க. ஸ்லைடுல ஆரஞ்சு மாஸ்க் கிடையாது, அதனால ஸ்கேன்ல ஆட்டோ கரெக்ஷனையும் அணைக்கச் சொல்லுங்க. இல்லேன்னா மெஷின் நம்ம பச்சை வானத்தை 'திருத்தி' வெச்சிடும் :-)