மகரந்தத்தின் பிள்ளை

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் அப்பா வேலை பார்த்த இரும்பாலையின் சுற்றுச்சுவரை ஒட்டி ஊமத்தை மண்டிக் கிடக்கும். கரும்புழுதி படிந்த இலைகளின் மேல் மாலையில் வெள்ளைப் பூக்கள் விரியும். "விஷச்செடி, தொடாதே" என்பார் அப்பா. சிவபெருமான் சூடும் மலர் அது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஐந்து வயது. அம்மா இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

திருவள்ளூரில் நான் பணிபுரியும் கல்லூரியில், தாவரவியல் துறைத் தோழி ஒருவர் அந்த ஊமத்தையின் இன்னொரு கதையைச் சென்ற மாதம் சொன்னார். 1964இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் சதீஷ் சந்திர மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பைகளைக் கண்ணாடிக் குழாயில், ஊட்டக்கூழில் வளர்த்தனர். செல் பிரிவதை ஆராய்வதே நோக்கம். ஆனால் பைகளுக்குள்ளிருந்து கருக்கள் வெளிப்பட்டன. சூலைச் சேராத மகரந்தத்தூளே செடியாகும் என்று உலகம் அறிந்தது அப்போதுதான். இயல்பான ஊமத்தைக்கு 24 குரோமோசோம்கள். இதற்கு 12 மட்டும். தந்தை வழியில் வந்த பாதி. தாய் இல்லை.

இத்தகைய ஒற்றைத்தொகுதிச் செடிகள் உருவில் சிறியவை. ஜெர்மன் மொழியில் 'குட்டிச் செல்லம்' என்று பொருள்படும் பெயருடைய ஜெரேனியம் ஒன்று, 18க்குப் பதில் 9 குரோமோசோம்களோடு தொட்டிகளில் பூத்துக்கொண்டிருக்கிறது. இவை பூக்கும், ஆனால் விதை பிடிக்காது. இணையில்லாத குரோமோசோம்கள் ஒழுங்காகப் பங்கு பிரிய வழியில்லை. அதற்கு மருந்து கோல்ச்சிசின். நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உள்ள நஞ்சு அது. அளவறிந்து இட்டால் 12, 24 ஆகும். செடி விதை பிடிக்கும். இரு பாதிகளும் ஒன்றுபோலவே இருப்பதால், பல தலைமுறை காத்திருந்து பெறவேண்டிய தூய வழி ஒரே தலைமுறையில் கிடைத்துவிடும். பூச்செடி வளர்ப்போருக்கு இது பெரும்பேறு.

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. இரவுப்பணி முடிந்து வந்து, உலையின் வெப்பம் ஆறாத கைகளால் எனக்குத் தலைவாரி, சோறு கட்டித் தந்தவர். தன்னையே இரட்டித்துக்கொண்டவர். "நானும் அந்தச் செடிதான்" என்றேன்.

தோழி சிரிக்கவில்லை. "இல்லை சார். அந்தச் செடியில் தாயின் பங்கு ஒன்றுமே கிடையாது. உங்கள் செல் ஒவ்வொன்றிலும் 46இல் 23 உங்கள் அம்மாவினுடையவை. அவர் எங்கும் போய்விடவில்லை."

நாற்பது வருடங்களாக, அம்மாவின் முகம்கூட நினைவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்று மாலை வீடு திரும்பியதும் அப்பாவிடம், "என்னிடம் அம்மாவின் சாயல் எது?" என்று கேட்டேன். இத்தனை காலம் நான் கேட்காத கேள்வி.

யோசிக்கவே இல்லை அவர். "கோபம் வந்தால் பேசாமல் இருப்பாயே, அது" என்றார்.